யார் முறைத் தண்ணீர்?

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள். ஆவுடைச்செல்விக்கு அன்றைக்குப் படகில் ஒரு கால், கரையில் ஒரு கால். இரண்டுக்கும் நடுவே இங்கிலாந்து நாட்டுக் கால்வாயின் பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக அகன்றுகொண்டே போனது.

“குதிங்கக்கா! யோசிக்காதீங்க, குதிங்க!” என்று படகிலிருந்து நிலோஃபர் கத்தினாள்.

ஆவுடை குதித்தாள். முழங்கால் இரும்பில் இடித்தது. கை எப்படியோ கயிற்றைப் பிடித்தது. உடம்பு மொத்தமும் படகுக்குள் வந்து சேர்ந்தது. கரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற டோரீன் அம்மாள் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். படகை வாடகைக்கு விட்டவர் அவர்தான். காலையிலிருந்து இந்த இரண்டு பெண்களுக்கும் படகு ஓட்டப் பாடம் நடத்திக் களைத்துப் போயிருந்தார்.

“மறுபடியும் சொல்கிறேன்! சுக்கானை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் போகும். லாக்கில் நீங்கள் திறந்ததை நீங்களே மூடுங்கள். வேகம் வேண்டாம்! மனிதன் நடக்கிற வேகம் போதும்!”

வேகம் வேண்டாமாம்! ஆவுடைக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காணாமல் போன அண்ணனைத் துரத்திப் பிடிக்கக் கிளம்பியிருக்கிறாள் அவள். துரத்துவதற்குக் குதிரை வேண்டாம், ஒரு சைக்கிளாவது கிடைத்திருக்கலாம். கிடைத்ததோ ‘சாம்பல் நாரை’ என்று பெயர் எழுதிய வாடகைப் படகு. கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் தொடலாம், நீளமோ இரண்டு டவுன் பஸ். கரைப் பாதையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒரு கிழவர் அவர்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்துக் கையும் அசைத்தார்.

அண்ணன் பெயர் இசக்கிமுத்து. இந்த நாட்டு மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருந்தவன். கொரோனா வந்த வருஷம் இரவும் பகலும் வார்டிலேயே கிடந்தான். யார் யாரோ பெற்ற தாய்மார்களுக்கெல்லாம் கடைசி நேரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அதே வருஷம் திருநெல்வேலிப் பக்கத்தில் அவனைப் பெற்றவள் போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். விமானம் இல்லை. அவனால் வர முடியவில்லை. அவன் பார்க்கட்டும் என்று யாரோ சுடுகாட்டில் போனைப் பிடித்திருந்தார்கள். பக்கத்தில் நின்ற மாமா ஒருவர், போன் கேட்டுக்கொண்டிருப்பதை மறந்து, “கொள்ளி போட மகன் வராத கட்டை” என்று சொல்லிவிட்டார். அந்த நொடியில் போன் அணைந்தது. பிறகு நான்கு வருஷமாக இசக்கிமுத்துவின் குரலை வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. தனக்கு மகள் பிறந்ததை ஆவுடை ஒரு மெசேஜில் சொன்னாள்; பதில் வராததால், இனி அவனே பேசட்டும் என்று இருந்துவிட்டாள்.

வேலையை விட்டுவிட்டான், வீட்டைக் காலி செய்துவிட்டான் என்பதுவரை மருத்துவமனையில் சொன்னார்கள். பிறகு பாளையங்கோட்டைக் குடும்பம் ஒன்று இங்கே சுற்றுலா வந்து ஒரு வீடியோ போட்டது. ஏதோ ஒரு கால்வாய்க் கரை, ஒரு பச்சைப் படகு. படகிலிருந்து ஒரு மனிதன் சுக்குக் காபி விற்கிறான். முகம் தெரியவில்லை. இரண்டு டம்ளரை வைத்து ஒரு முழம் உயரத்துக்குக் காபியை ஆற்றுகிற கை மட்டும் தெரிந்தது. இடது கை மேலே, வலது கை கீழே. அப்படித் தலைகீழாக ஆற்றுகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான். ஆவுடை அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாள் என்று கேட்காதீர்கள்.

படகில் வாழ்கிறவனுக்குக் கதவு எண் கிடையாது. ஒரே இடத்தில் தங்கவும் கூடாது, சட்டப்படி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீரில் இருக்கிறவனைத் தண்ணீரில்தான் தேட வேண்டும் என்று ஆவுடை முடிவு கட்டினாள். சென்னைக் கம்பெனி வேலைக்காக அனுப்பி வைத்ததில் இரண்டு மாதமாக இந்த நாட்டில்தான் இருக்கிறாள். ஊருக்குத் திரும்புமுன் ஒரு வாரம் விடுப்பு வாங்கினாள். உடன் வேலை செய்யும் நிலோஃபர், “கனால் ஹாலிடேவா? நானும் வரேன்க்கா!” என்று தொற்றிக்கொண்டாள்.

அந்த ஒரு வாரத்துக்குள் அண்ணன் கிடைத்தாக வேண்டும். ஆவுடையின் மகள் உலகம்மைக்கு மூன்று வயது முடியப் போகிறது, இன்னும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? மாமியார் இரண்டு வருஷம் பொறுத்தார். இப்போது ஆவணியில் நாள் குறித்துவிட்டார்.

“கெடைச்சா சரி. இல்லேன்னா ஒங்க சித்தப்பா மவன் மடியில உக்கார வெச்சிருவோம், என்னா?” என்று கணவன் சங்கரபாண்டி போனில் பக்குவமாகத்தான் சொன்னான்.

“அப்படி உக்கார வெச்சா எங்கண்ணன் இல்லன்னு ஊரறியச் சொன்னதா ஆயிரும்ங்க. நான் சொல்ல மாட்டேன்” என்றாள் ஆவுடை.

இப்படியாக வேட்டை தொடங்கியது. இரண்டு பேர் கொண்ட படை. அதிலும் பாதி, மறுநாளே தண்ணீரில் விழுந்தது.

காரணம் ஒரு லாக். லாக் என்றால் பூட்டு அல்ல, தண்ணீரால் ஆன படிக்கட்டு. கால்வாய் மேடேறும் இடத்தில், முன்னும் பின்னும் பெரிய மரக்கதவு வைத்த ஒரு கல் தொட்டி. கீழேயிருந்து படகைத் தொட்டிக்குள் விட்டு, பின்கதவைச் சாத்தி, முன்கதவின் மடையைத் திறந்தால், தண்ணீர் நிரம்பி நிரம்பிப் படகைத் தூக்கிவிடும். மடையைத் திறக்க ஒரு கைச்சாவி. கதவைத் தள்ள ஆளுயர நீளத்தில் ஒரு மர உத்திரம். நிலோஃபர் முதுகைக் கொடுத்து அந்த உத்திரத்தைத் தம் பிடித்துத் தள்ளினாள். கதவு சட்டென்று அசைந்தது. நிலோஃபர் பின்பக்கமாகப் போனாள்.

தொப்!

நல்ல வேளை, கதவுக்கு வெளியே இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆவுடை கயிற்றை வீசி இழுத்தாள். பல்லெல்லாம் கிடுகிடுக்கக் கரையேறிய நிலோஃபருக்கு அன்று மாலையே காய்ச்சல்.

“சாரிக்கா. என்னால முடியாது. அம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே பையைத் தூக்கினாள். மறுநாள் காலை பாலத்துக்கு மேலே பஸ் வந்தது. பஸ் ஜன்னலில் அவள் கை கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டே இருந்தது. பிறகு பாலம் வெறும் பாலமாக இருந்தது.

ஆவுடை டோரீனிடம் போனில் உண்மையைச் சொன்னாள். தனியாக ஓட்ட அனுமதிக்கிற வழக்கம் இல்லை என்றார் டோரீன். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டார். ஆவுடை சொன்னாள். டோரீன் இறங்கி வந்தார்.

“தினமும் மாலையில் எனக்கு போன் செய்ய வேண்டும். கயிற்றைக் கையில் வைத்துக்கொள்ளாமல் படகை விட்டு இறங்கக் கூடாது. சம்மதமா?”

“சம்மதம்!”

அப்புறம் தொடங்கியது தனிமை. தனிமை என்றால் என்ன என்று தெரியும் என்றுதான் அதுவரை ஆவுடை நினைத்திருந்தாள். ஹாஸ்டலில் இருந்திருக்கிறாள், சென்னையில் தனி அறையில் இருந்திருக்கிறாள். அதெல்லாம் கணக்கிலேயே சேராது. இங்கே இரண்டு பக்கமும் புல், புல்லில் ஆடு, ஆட்டுக்கு மேலே சாம்பல் வானம். எஞ்சின் டுக்கு டுக்கு என்றது. காலையில் ஒரு வளைவு, மத்தியானம் ஒரு வளைவு. ஒருவர்கூட அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. தோசை வார்க்கும்போது பழக்கத்தில் இரண்டாவது தட்டை எடுத்துவிட்டு, எடுத்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் இப்படித்தானே நான்கு வருஷம் இருக்கிறான் என்று தோன்றியபோது அவளுக்கு அடுப்பை அணைக்கக்கூடக் கை வரவில்லை.

ஆனால் வேட்டை வேட்டைதான். கட்டி நிற்கும் படகுகளைக் கண்டால் வேகத்தைக் குறைத்து விசாரிப்பாள். “பச்சைப் படகு, காபி விற்கிறவர்?” கேட்டவர்களில் பாதிப்பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். ஒரு சிவப்புத் தாடிக்காரர் மட்டும் முகம் மலர்ந்தார்.

“தொண்டையில் நெருப்பு வைக்குமே, அந்தக் கறுப்புக் காபியா? என் இருமலை ஓட்டியதே அதுதான்! முந்தாநாள் இங்கிருந்து கிளம்பினான். மேற்கே, சுரங்கத்தைத் தாண்டி. அதிகம் பேச மாட்டான். நல்லவன்.”

“படகுக்கு என்ன பெயர்?”

“பெயரே இல்லை. பழைய பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டான். ஏன் புதுப் பெயர் எழுதவில்லை என்று கேட்டேன். கூப்பிட ஆள் வேண்டுமே என்றான்.”

ஆவுடை சுக்கானை இறுகப் பிடித்துக்கொண்டு கிளம்பினாள்.

சுரங்கம் அன்று பிற்பகலே வந்தது. மலைக்கு அடியில் கால்வாய் நுழைகிற ஒரு செங்கல் வாய். உள்ளே கும்மிருட்டு. மறுமுனை வெளிச்சம் ஊசிமுனை அளவுகூடத் தெரியவில்லை. ஆவுடை முன்விளக்கைப் போட்டாள். ஹாரனை நீளமாக அடித்தாள். குலசாமி கரையடி சாஸ்தாவை ஒரு தடவை நினைத்தாள். நுழைந்துவிட்டாள்!

குளிர் கன்னத்தில் அறைந்தது. மேலேயிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைக்குள் இறங்கியது. சுவர் இந்தப் பக்கம் இடித்தது, நெளிந்தாள். அந்தப் பக்கம் இடித்தது. திரும்பவும் முடியாது, நிறுத்தவும் இடமில்லை. நடுவில் எங்கேயோ, பின்னால் இருந்த வெளிச்சமும் போய், முன்னால் வெளிச்சம் வராத ஓர் இடம். அங்கே அவளுக்குத் தாங்கவில்லை.

“அண்ணே!” என்று கத்தினாள்.

அண்ணே, அண்ணே என்று அவள் குரலே இருட்டுக்குள் போய், அவளிடமே திரும்பி வந்தது. வேறு யாரும் பதில் சொல்லவில்லை. அழுதுகொண்டே ஓட்டினாள். அழுதால் என்ன, கை சுக்கானை விடவில்லையே! கடைசியில் ஒரு காசளவு வெளிச்சம் தெரிந்தது. அது தட்டளவு ஆயிற்று, பிறகு வானமாயிற்று.

அடுத்தடுத்து லாக்குகள். ஒண்டி ஆளாக ஏற வேண்டும். படகைத் தொட்டிக்குள் விட்டு, கயிற்றைத் தோளில் போட்டு, பாசி வழுக்கும் இரும்பு ஏணியில் மேலேறி, முதுகால் கதவைத் தள்ளி, ஓடிப்போய் மடையைத் திறந்து, ஓடிவந்து கயிற்றைப் பிடித்து… ஒரு தடவை மடையைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் சீறிப் பாய்ந்தது. அத்தனை பெரிய படகு கன்றுக்குட்டி மாதிரி துள்ளியது. கயிறு உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. விடவில்லையே அவள்! இழுத்துத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கையைப் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

இத்தனை செய்தும் அண்ணன் கிடைக்கவில்லை. அந்த மாலை ஹார்ல்பி என்ற சிற்றூருக்கு வெளியே ஒரு லாக்கின் அடியில் வந்து நின்றபோது, வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தது. படகைத் திருப்புவதற்கு அகலமான இடம் அங்கேதான் இருந்தது. மறுநாள் காலை திருப்பினால்தான் டோரீனிடம் கெடுவுக்குள் ஒப்படைக்க முடியும்; ஊருக்கு விமானம் ஏறவும் முடியும். கரையில் முளை அடித்துப் படகைக் கட்டினாள். டோரீனுக்கு போன் செய்து பத்திரம் என்றாள். பிறகு, வேறு செய்ய ஒன்றும் இல்லாமல், மேடேறி லாக்கைப் பார்க்கப் போனாள்.

லாக்கில் மடை திறந்து கிடந்தது! மேல்கதவில் ஒன்று, கீழ்க்கதவில் ஒன்று. மேலேயிருந்து தண்ணீர் தொட்டிக்குள் இறங்கி, தொட்டியிலிருந்து வெளியேறி, சளசளவென்று கீழே ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் ஓர் ஆளும் இல்லை.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் என்ன செய்திருப்பார்கள்? எவனோ மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று இறக்கி மூடியிருப்பார்கள். ஆனால் ஆவுடை தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்தவள். அவள் ஊரில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்றைக்கு இன்னார் முறை, நாளைக்கு இன்னார் முறை. திறந்த மடையைத் திறந்தவன்தான் அடைப்பான். ஆளில்லையே, வீணாகப் போகிறதே என்று அடுத்தவன் மடையில் கை வைத்தால் அரிவாள் வரைக்கும் போகும். சின்ன வயதில் இசக்கிமுத்து அப்படி ஒரு மடையை அடைத்துவிட்டு வந்து, அப்பா அவனை வேப்பமரத்தைச் சுற்றிச் சுற்றி அடித்தது அவளுக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

‘யார் முறையோ’ என்று நினைத்தாள். ‘நீங்கள் திறந்ததை நீங்கள் மூடுங்கள்’ என்றுதானே டோரீனும் சொன்னார்? இது அவள் திறந்தது அல்ல.

அதோடு, உண்மையைச் சொல்ல வேண்டும், அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது. இத்தனை நாளில் அவளிடம் பேசிய முதல் தெரிந்த குரல் அதுதான். நெல் வயலுக்குள் தண்ணீர் விழுகிற அதே சளசள. மடைக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, இருட்டும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணனைத் தேடினேன் அம்மா, கிடைக்கவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பிறகு படகுக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் அவளை எழுப்பியது ஒரு வசவு.

“எந்தக் கூறுகெட்ட மூதி மடையைத் தெறந்து போட்டுட்டுப் போச்சி?”

ஆவுடை படுக்கையில் எழுந்து உட்கார்ந்தாள். கனவா?

“நாசமாப் போற பயலுவ! கொளம் மாரி கெடந்த தண்ணி, சொட்டு இல்லாமப் போச்சே!”

கனவில் யாரும் இத்தனை அழகாகத் திட்ட மாட்டார்கள். ஆவுடை செருப்பில்லாமல் வெளியே பாய்ந்தாள். கரையில் தாவினாள். மேட்டில் மூச்சிரைக்க ஏறினாள்.

லாக்கின் மேல் ஒரு மனிதன், முழங்கால் வரை சேறு, கையில் மடைச் சாவி, கதவில் தொங்கிக்கொண்டு மடையை இறக்கிக்கொண்டிருந்தான். தலையில் பாதி நரைத்திருந்தது. இடது கைதான் சாவியைச் சுழற்றியது.

“நான் தெறக்கலண்ணே” என்றாள் ஆவுடை. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. “சாயங்காலமே பாத்தேன். யாரு மொறையோன்னு வுட்டுட்டேன்.”

சாவி சுற்றுவது நின்றது. அவன் திரும்பவில்லை.

“ஏட்டி ஆவுடை” என்றான் கடைசியில், கதவைப் பார்த்துக்கொண்டே. “இங்கிலாந்துல எவனுக்குட்டி மொறத்தண்ணி?”

அவன் தோள் குலுங்கியது. அது சிரிப்பாகத்தான் தொடங்கியது.

லாக்குக்கு மேலே, வளைவைத் தாண்டி, கால்வாய் ஒரு சேற்றுப் பள்ளமாகக் கிடந்தது. ஒரு துருப்பிடித்த சைக்கிள், ஒரு நாற்காலி, பழைய டயர்கள். நடுவில் தேங்கிய கொஞ்சத் தண்ணீரில் மீன்கள் துள்ளின. வெள்ளைப் படகு ஒன்றும், பெயர் இல்லாத பச்சைப் படகு ஒன்றும் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ஒரு லாக் தூரத்தில் இருந்திருக்கிறான்! தண்ணீர் இருந்திருந்தால் விடியலில் அவன் மேற்கே கிளம்பியிருப்பான். அவள் கிழக்கே திருப்பியிருப்பாள்.

“உள்ள வா, பாத்து. எல்லாம் கவுந்து கெடக்கு” என்றான் இசக்கிமுத்து. எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. கேட்கப் பயந்தான் என்றுதான் தோன்றியது.

உள்ளே டப்பாக்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து உருண்டிருந்தன. தரை முழுக்கச் சுக்கு, மிளகு, உடைந்த கருப்பட்டி. ஆவுடை குனிந்து பொறுக்கினாள். கருப்பட்டித் தூளுக்குள் மடித்த ரோஸ் நிறத் தாள் ஒன்று கிடந்தது. நகைக்கடைத் தாள்! எடுத்தாள். தானாகப் பிரிந்தது. உள்ளே கடுகளவு சிவப்புக் கல் வைத்த ஒரு ஜோடி குட்டித் தோடு.

“அதைத் தொடாத!” என்று பாய்ந்தான் அவன்.

“யாருக்குண்ணே?”

அவன் குனிந்து உடைந்த கருப்பட்டியைப் பொறுக்கத் தொடங்கினான்.

“நான் அனுப்புன மெசேஜைப் பாத்திருக்க. பொம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு பாத்திருக்க. பாத்துட்டுக் கடைக்குப் போயிருக்க. ஆவணியில அவளுக்குக் காதுகுத்து, நீ ஒரு வார்த்தை பேசல. அப்படித்தான?”

“பேசி?” இசக்கிமுத்து சாய்ந்த சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். “என்ன பேசச் சொல்லுத? ஊராரைப் பெத்தவளுவளுக்கெல்லாம் நான் இருந்தேன். என்னயப் பெத்தவளுக்கு இல்ல. கொள்ளி போடாத பய மடியில பச்சப்புள்ளய உக்கார வைப்பியா? நல்ல மடியாப் பாத்து உக்கார வெய்யி, போ.”

ஆவுடை தோட்டை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

“நான் ஒண்ணு கேக்கேன், சொல்லு. மொறத்தண்ணி அன்னைக்கு அப்பா ஊர்ல இல்லன்னா யாருண்ணே பாய்ச்சுவா?”

“பெரியப்பா.”

“தண்ணி யாரு கணக்கு?”

“நம்ம கணக்குதான். அதுக்கென்ன இப்ப?”

“மாமா கொள்ளி வெக்க வரமாட்டேன்னுட்டாரு. நோய் தொத்திரும்னு அம்புட்டுப் பேரும் தள்ளி நின்னாவ. நாந்தாம்ணே வெச்சேன். ஒன் மொற. நீ வர முடியல, நான் பாய்ச்சினேன். கணக்கு ஒன்னுதுதான். அம்மாவுக்கும் அது தெரியும்.” அதுவரை அழாமல் இருந்தவள் இப்போது அழுதுவிட்டாள். “இப்ப அடுத்த மொற வந்திருக்கு. இதுக்கும் நான் வந்து நிக்க முடியுமா? தாய்மாமன் மடிக்கு நான் எங்கண்ணே போவேன்?”

இசக்கிமுத்து சாய்ந்த தரையில் அப்படியே உட்கார்ந்தான். சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டான். நான்கு வருஷமாக அழாத அழுகை அது. ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

எவ்வளவு நேரம் போயிருக்குமோ, வெளியே ஜன்னலில் டொக் டொக் என்று தட்டு விழுந்தது. பக்கத்து வெள்ளைப் படகின் வயதான அம்மாள், சாய்ந்த தலையோடு எட்டிப் பார்த்தார்.

“குடும்ப விஷயம் போலிருக்கிறது, மன்னிக்கவும். ஆனால் என் தேநீர்ப் பானை மேஜையிலேயே நிற்க மாட்டேன் என்கிறது. தண்ணீர் எப்போது வரும்?”

“வந்துட்டோம்!” என்று துள்ளி எழுந்தாள் ஆவுடை, தமிழிலேயே.

அப்புறம் பார்க்க வேண்டுமே வேலையை! முதலில் மீன்களைக் காப்பாற்றினார்கள். சேற்றில் இறங்கி வாளியில் அள்ளி, பள்ளத்தின் அந்தக் கோடியில் இருந்த மேல் லாக்குக்கு அப்பால் ஓடி ஓடிக் கொட்டினார்கள். பிறகு மேல் லாக்கில் அண்ணன் ஒரு கதவில், தங்கை ஒரு கதவில்.

“கொஞ்சமாத் தெறட்டி! மொத்தமாத் தெறந்தா மேல உள்ளவன் சேத்துல நிப்பான்!”

“எனக்கா சொல்லித்தார? ஒன்னய மாரி அடுத்தவன் மடைய அடைச்சு நானா அடி வாங்குனேன்?”

“வாய் மட்டும் கொறையல ஒனக்கு!”

தண்ணீர் இறங்கியது. சேற்றை நனைத்தது, சைக்கிளை மூடியது, டயர்களை மூடியது. பச்சைப் படகு ஒரு முனகல் முனகியது. அசைந்தது. மெல்ல மெல்ல நிமிர்ந்து, ஒரு ஆட்டம் ஆடி, நேராக மிதந்தது. வெள்ளைப் படகு அம்மாள் கை தட்டினார். இசக்கிமுத்து எல்லோருக்கும் சுக்குக் காபி போட்டான். இடது கை மேலே, வலது கை கீழே, ஒரு முழம் உயரம். ஆவுடை வீடியோ எடுக்கவில்லை. குடித்தாள்.

பச்சைப் படகை அந்த அம்மாளின் பொறுப்பில் விட்டுவிட்டு, ‘சாம்பல் நாரை’யில் இரண்டு பேரும் திரும்பினார்கள். சுரங்கத்தின் நடுவில், வெளிச்சமே இல்லாத அந்த இடத்தில், ஆவுடை வேண்டுமென்றே “அண்ணே!” என்று கத்தினாள். “என்னட்டி?” என்று பக்கத்திலிருந்து பதில் வந்தது.

ஆவணியில் கரையடி சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்தார்கள். உலகம்மைக்குப் பட்டுப் பாவாடை. மாமன் மடி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. யாரோ ஒரு நரைத்தலை ஆள் தன்னை இறுக்கிப் பிடித்திருக்கிறான் என்பது மட்டும் தெரிந்தது. ஆசாரி ஊசியை வைத்ததும் கோயிலே அதிர ஒரு கத்துக் கத்தி, மாமன் மீசையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிவிட்டாள். சிவப்புக்கல் தோடு ஏறியது. மாமன் கண்ணில் தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. மீசை வலி என்று சொல்லிக்கொண்டான். சுடுகாட்டில் அன்று பேசிய மாமா பக்கத்தில் வந்து நின்று, தோளில் துண்டைச் சரி செய்துகொண்டு, “நல்லா இருக்கியாப்பா?” என்று மட்டும் கேட்டார். “இருக்கேன் மாமா” என்றான் அவன்.

ஆவுடை இப்போதும் அடுத்தவர் மடையில் கை வைப்பதில்லை. ஆனால் திறந்து கிடக்கிற மடையைக் கண்டால், “யாரு மொற?” என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறாள். அண்ணன் பேசட்டும் என்று அவளும், தங்கை கூப்பிடட்டும் என்று அவனும் நான்கு வருஷம் அடுத்தவர் முறைக்கே காத்துக்கிடந்தார்கள் அல்லவா? அந்தப் பயணத்தில் அவள் கற்றது அவ்வளவுதான்.

பந்தி முடிந்து, இசக்கிமுத்து வேப்பமர நிழலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். படகிலிருந்து வந்த மாமாவைப் பார்க்கப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். சங்கரபாண்டியின் தங்கை மகன் சட்டென்று மடியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். தூரத்திலிருந்து அதைப் பார்த்த உலகம்மை, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காதோடு ஓடி வந்தாள்.

“எறங்குல!” என்றாள். “இப்ப என் மொற.”